பாட்டும் பாடும்: நாலு விநாடிக் குரலுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

2023 ஆடி மாதம் ஒரு தம்பி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். வடசென்னைப் பையன், நம்ம பையன். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிறவர். கையில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள்.

"அண்ணே, 97ல நீங்க பழவேற்காட்டுப் பக்கம் டேப் பண்ண ஒப்பாரி எனக்குக் கெடைச்சுது. அதுல ஒரு நாலு செகண்டு எடுத்து என் பாட்டுல வச்சிருக்கேன். வெளியிடப் போனா சாம்பிளுக்கு அனுமதி எங்கன்னு கேக்குறாங்க. நீங்கதானே ஓனரு, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ஓனர் என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது. செருப்புக்கு ஓனராக இருந்திருக்கிறேன், சைக்கிளுக்கு ஓனராக இருந்திருக்கிறேன். ஒரு சாவு அழுகைக்கு நான் எப்படி ஓனர் ஆனேன்? தம்பி தப்பாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

*

முதலில் 1997ல் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது ஆராய்ச்சி மாணவன். நாட்டார் வழக்காறு, அடித்தள மக்கள் பண்பாடு என்றெல்லாம் பெரிய சொற்கள் வாயில். இரவல் டேப்ரிக்கார்டரோடு பொன்னேரியில் பஸ் ஏறித் திருப்பாலைவனத்தில் இறங்கி, ஏரிப் பக்கம் நடந்து ஒரு காலனிக்குப் போனேன். பனை ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணியில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற சனங்கள் வாழும் பகுதி அது. நன்றாக ஒப்பாரி வைப்பார் என்று ஒரு அம்மாவைக் காட்டினார்கள்.

அவர் மறுத்தார். "சாவு உழாத ஊட்ல ஒப்பாரி வெக்கக்கூடாது நைனா. வெனையைக் கூப்ட்டு ஒக்கார வெக்கற மாதிரி" என்றார். நான் விடவில்லை. படிப்புக்கு வேண்டும், உங்கள் பெயர் புத்தகத்தில் வரும் என்றேன். கடைசியில் வீட்டைவிட்டு வெளியே வந்து, காலனிக்கு அப்பால் பனைமரத்தடியில் உட்கார்ந்து பாடினார். பாதியிலேயே பாட்டு நிஜ அழுகையாக மாறிவிட்டது. பக்கத்திலிருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். முடிந்ததும் எழுந்து போய்த் தலையில் தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். நான் வெற்றிலை பாக்குக்கு இருபது ரூபாய் கொடுத்தேன்.

அந்த கேசட்டை எத்தனை கருத்தரங்குகளில் போட்டுக் காட்டியிருக்கிறேன், எத்தனை கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்: "தகவலாளி: தலித் பெண், வயது 55, கூலி." புத்தகத்தில் பெயர் வரும் என்று சொன்னவன் நான்தான். வந்தது என் பெயர்.

*

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒரு பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் வைப்பதற்குப் பெயர் சாம்பிள். அதை முறையாகச் செய்ய இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர், பெரும்பாலும் கேசட் கம்பெனி. இன்னொன்று, அதற்குள் இருக்கும் மெட்டுக்கும் வரிக்கும் உரிமையாளர், அதாவது இசையமைப்பாளர், பாடலாசிரியர், அல்லது அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டவர். இரண்டு பேரும் சம்மதித்து, எவ்வளவு பணம், எவ்வளவு பங்கு என்று எழுத்தில் முடிவானால் அனுமதி வந்ததாக அர்த்தம். ஒரு கதவு திறந்து மறு கதவு மூடியிருந்தால் வம்புதான். 2024ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியதையும், ஒலிநாடா உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக வாங்கினோம் என்று தயாரிப்பாளர் தரப்பு சொன்னதையும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அது இந்த இரண்டு கதவுச் சண்டைதான்.

இப்போது நம் ஒப்பாரிக்கு வருவோம். இரண்டாவது கதவைத் தட்டினால் உள்ளே யாரும் இல்லை. வழிவழியாக வரும் மெட்டு. இயற்றியவர் இன்னார் என்று காகிதம் கிடையாது. ஆகவே அது பொதுச் சொத்து, யாரும் எடுக்கலாம். முதல் கதவைத் தட்டினால் நான் நிற்கிறேன்! 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கு 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் என்றால் முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்தவர். பஸ் ஏறிப் போய், இரவல் டேப்ரிக்கார்டரின் பொத்தானை அமுக்கினேன் அல்லவா, அந்த விரலுக்குக் கிடைத்த உரிமை இது. பாடின தொண்டைக்கு இந்த இரண்டு கதவிலும் இடமில்லை.

தொண்டைக்கு எங்கேயும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 1994ல் கொண்டுவந்த திருத்தம், 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தது, முதல் முறையாக 'நிகழ்த்துபவர் உரிமை' என்று ஒன்றைக் கொடுத்தது. பாடகர், வாத்தியக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்யக்கூடாது. ஒரு வேலைக்காகச் சம்மதித்துக் கொடுத்த பதிவை வேறு வேலைக்குப் படியெடுக்கக்கூடாது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் பெயர் சொல்லப்படும் உரிமையையும், தன் நிகழ்த்துதலைச் சிதைத்துத் தனக்கு இழுக்கு வரும்படி செய்வதைத் தடுக்கும் உரிமையையும் கொடுத்தது. ஆக, படிப்புக்கு என்று கேட்டு வாங்கிய பாட்டை இன்னொருவர் பாட்டில் வைக்க நான் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் இறால் தடவுகிற ஒரு பெண்ணுக்கு யார் போய்ச் சொன்னது? தம்பி கொண்டுவந்த தாளில்கூட இதற்கு ஒரு கோடு இல்லை. 'உரிமையாளர் கையொப்பம்' என்று ஒரே ஒரு கோடுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1994 திருத்தத்துக்கு முன்னால் அந்தச் சட்டத்தில் 'இசைப் படைப்பு' என்றால் என்ன? அச்சிடப்பட்டோ எழுதப்பட்டோ வரைவடிவில் இருக்கும் மெட்டும் இசைவும். அதாவது எழுதிவைத்தால்தான் இசை. பறையை யார் எழுதிவைத்தது? ஒப்பாரியை எந்த நோட்டில் ஸ்வரப்படுத்தியிருக்கிறது? எழுத்து யாரிடம் இருந்ததோ அவர்களிடம் இசை இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொண்டது. எழுத்தே மறுக்கப்பட்டவனுடைய ஓசை காற்றோடு சேர்த்தி. காற்றுக்கு யாரிடம் அனுமதி கேட்பார்கள்?

*

சட்டப்படி ஒழுங்காக அனுமதி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஓர் உதாரணம் பார்க்கலாம்.

மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த ஈழத் தமிழ்ப் பெண். அகதியாக லண்டன் போய் வளர்ந்தவர். 2007ல் வந்த அவருடைய 'கலா' தொகுப்பின் ஒரு பகுதி சென்னையில் வேலை செய்யப்பட்டது. அதில் 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டைக் கேளுங்கள். உறுமி தலைதெறிக்க அடிக்கும். லண்டன், நியூயார்க் விமர்சகர்கள் அந்த ஓசையைக் கேட்டு மிரண்டுபோனார்கள். அதில் 2003ல் வந்த 'ஜெயம்' படப் பாட்டொன்றின் சாம்பிள் இருக்கிறது. ஆர்.பி.பட்நாயக் பெயர் முறையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதே தொகுப்பின் முதல் பாட்டில் 'தளபதி' படத்துப் பாட்டொன்றின் சாம்பிள். இளையராஜா பெயர் இருக்கிறது. நியாயமாகவே நடந்திருக்கிறது. எம்.ஐ.ஏ.வை நான் குறை சொல்லவில்லை. பல பேர் இதைக்கூடச் செய்வதில்லை.

ஆனால் கேட்பவனை மிரளவைத்தது எது? மெட்டா? இல்லை. வளைந்த குச்சி தோலில் உராயும்போது எழுகிற அந்த உறுமல். அது எந்த இசையமைப்பாளரும் இயற்றியதல்ல. சாவுக்கும் சாமிக்கும் அடித்து அடித்து, அதற்காகவே இழிவுபடுத்தப்பட்ட கைகள் பல தலைமுறையாகச் சேர்த்துவைத்த சொத்து. தியேட்டருக்கு ஒரு நாள் கூலிக்கு வந்து அடித்துவிட்டுப் போனவருடைய பெயர், அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் இருக்கிறது? இசையமைப்பாளரிடம் அனுமதி, கம்பெனியிடம் அனுமதி, எல்லாம் உண்டு. உறுமிக்காரரிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் கேட்பதற்கான கதவே கட்டப்படவில்லை.

2024ல் இளையராஜா பாடல்கள் தொடர்பான வழக்கு விசாரணையில், பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. நல்ல கேள்வி. தவில்காரர் கேட்டால்? கோரஸ் பாடிய பெண்கள் கேட்டால்? அந்தக் கேள்வி எழ இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?

*

இந்த இடத்தில் நம்மில் சிலர் அவசரப்பட்டு, "அப்படின்னா சாம்பிள் எடுக்கறதே திருட்டு, மொத்தமா தடை பண்ணணும்" என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

சாம்பிள் எங்கே பிறந்தது? 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில். வேலையில்லாத, வாத்தியம் வாங்கக் காசில்லாத கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் அண்ணன் அப்பா வாங்கிவைத்த பழைய இசைத்தட்டுகளையே வாத்தியமாக்கினார்கள். தட்டில் டிரம் மட்டும் ஒலிக்கிற துண்டைக் கண்டுபிடித்து, இரண்டு தட்டை மாற்றி மாற்றி ஓட்டி அதையே நீட்டினார்கள். கழித்துப்போட்டதிலிருந்து புதிதைக் கட்டுவது சேரிக்குத் தெரிந்த கலை. 1991ல் பிஸ் மார்க்கி என்ற கறுப்பினக் கலைஞர் மீதான வழக்கில் நியூயார்க் நீதிபதி பைபிளின் 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே பணம், வக்கீல், ஒப்பந்தம். காசு உள்ளவன் சாம்பிள் எடுத்தான், இல்லாதவன் நிறுத்திக்கொண்டான். பறிகொடுத்தவர்களின் பிள்ளைகளைத் திருடர்கள் என்று சொல்லச் சட்டத்துக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

நம்ம ஊர்க் கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர் சினிமா மெட்டை எடுப்பார், அதில் செத்தவர் கதையை ஏற்றுவார், நடுவில் அம்பேத்கரைக் கொண்டுவருவார். அது அவர் உரிமை. கேட்கிற சனமும் அதைத்தான் விரும்பும். ஆனால் இன்றைக்கு அதே கானாவை யூடியூபில் ஏற்றினால், மெட்டு எங்களுடையது என்று ஒரு கம்பெனியின் உரிமைக்கோரல் வந்து, பாட்டு முடங்கலாம், இல்லை வருமானம் அந்தப் பக்கம் போகலாம். திருப்பிப் பாருங்கள்: 1990களில் சினிமா கானாவை வாரி வாரி எடுத்தது. கல்லறையிலும் மீன் மார்க்கெட்டிலும் பிறந்த மெட்டுகள் படங்களை ஓட்டின. எத்தனை கானாப் பாடகர்களிடம் ஒப்பந்தம் போட்டார்கள்? இவர்கள் எடுத்தால் திருட்டு, அவர்கள் எடுத்தால் 'நாட்டுப்புற மெட்டு'. ஒரே ஏரி, ஒருவன் வலை விட்டால் முறை, இன்னொருவன் கை விட்டால் களவு.

*

ஏரி என்று சொன்னதால் பழவேற்காட்டுக்கே திரும்புவோம். இங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்களைப் பாடு என்பார்கள். எந்த நாளில் எந்தப் பாட்டில் எந்தக் குடும்பம் வலை விடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு உரியது அந்த முறை. சண்டையில்லாமல், பேராசையில்லாமல் பொது நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் அருமையான ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது சமத்துவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஏரியில் பிழைக்கிற தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்த முறையில் தலைக்கட்டு கிடையாது. ஏரி யாருக்கும் பட்டா போட்டதல்ல. ஆனாலும் பிறப்புதான் பட்டா.

தமிழில் 'பாடு' என்ற சொல்லைப் பாருங்கள். மீன் விழும் இடம் பாடு. விழுந்த மீனும் பாடு. உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. வாயைத் திற என்று ஏவினால் அதுவும் பாடு. பாட்டில் வலை விட்டான் என்று சொன்னால் ஏரியா, இசையா என்று தெரியாத அளவுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பதிப்புரிமையும் ஒரு பாடு முறைதான். உள்ளே வந்தவர்களுக்குள் கறாரான பங்கீடு உண்டு. கம்பெனிக்கு ஒரு முறை, இசையமைப்பாளருக்கு ஒரு முறை, இப்போது பாடலாசிரியருக்கும் ஒரு முறை. வெளியே நிற்பவர்கள் பாடுபடலாம். பாடு கேட்க முடியாது.

*

இப்படி வெளியே நின்றவர்களின் கதை உலகம் பூராவும் இருக்கிறது. பசிபிக் கடலில் சாலமன் தீவுகள். அங்கே மலைத்தா தீவில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டு ஒன்றை ஹ்யூகோ செம்ப் என்ற இசையியல் ஆய்வாளர் 1970 வாக்கில் பதிவு செய்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பிக்கு மூத்த பிள்ளை சொல்கிற ஆறுதல் அந்தப் பாட்டு. 1973ல் யுனெஸ்கோ வரிசையில் இசைத்தட்டாக வந்தது. 1992ல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் அந்தக் குரலை எடுத்து, கீழே தாளம் போட்டு, உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்றார்கள். செம்ப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். 1996ல் நார்வே நாட்டு சாக்ஸபோன் கலைஞர் யான் கர்பாரெக் அதே மெட்டை வாசித்து, அதற்கு 'பிக்மி தாலாட்டு' என்று பெயர் வைத்தார்! பசிபிக் தீவுக்காரியின் குரல் நாலே வருஷத்தில் ஆப்பிரிக்கக் காட்டுவாசியின் பாட்டாகிவிட்டது. பெயரை அறுத்துவிட்டால் குரல் யாருக்கு வேண்டுமானாலும் சொந்தமாகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜெயித்த கதையும் ஒன்று உண்டு. தைவானின் ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த முதியவர் டிஃபாங்கும் அவர் மனைவி இகேயும். அவர்கள் பாட்டு ஐரோப்பாவில் பதிவாகி, எனிக்மா என்ற ஜெர்மன் குழுவின் பாட்டில் புகுந்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரம் வரைக்கும் போனது. அவர்களுக்குத் தகவல்கூட இல்லை. 1998ல் வழக்குப் போட்டார்கள். 1999ல் கம்பெனி தரப்பு சமரசத்துக்கு வந்தது. பெயர் குறிக்கவும் ஒப்புக்கொண்டது. கேட்டதால் கிடைத்தது.

நம் காலத்தில் நம் கண்முன்னால் நடந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு கட்டிய பாட்டு என்று உலகம் அறிந்துகொண்டது. நிலமில்லாதவர்கள் நிலத்தைப் பற்றிப் பாடிய பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை, பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள், அறிவு இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தானே என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பை விளக்கினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து மூன்று பேருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று அறிவித்தார்.

யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. என் கேள்வி வேறு. படித்த, மேடை ஏறிய, லட்சக்கணக்கானோர் பெயர் தெரிந்து வைத்திருக்கிற ஒரு தலித் கலைஞனே 'இது என் பாட்டு' என்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அவனுக்கு அந்த ஓசையைக் கொடுத்த கிழவிகளுக்கு எந்த மேடை?

*

வழி என்ன? அரசிடம் கொடுத்துவிடலாமா? ஆப்பிரிக்காவில் கானா என்றொரு நாடு. நம்ம கானா இல்லை. அங்கே நாட்டார் கலைகள் அனைத்தும் குடியரசின் சொத்து. சொந்த நாட்டுக்காரன்கூட வணிகத்துக்கு எடுத்தால் அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று 2005 சட்டம் சொல்கிறது. நம் ஊரில் இப்படி வந்தால்? சென்னையில் ஒரு வாரியம், அதற்கு ஒரு தலைவர், விண்ணப்பப் படிவம், சாதிச் சான்றிதழ். பறை வாசிக்கிறவனே பறைக்கு அனுமதி கேட்டு வரிசையில் நிற்பான். சாதிக்கு ஒரு கலை என்று பூட்டுப் போடுவதும் எனக்கு ஒப்பாது. அது இன்னொரு பாடு முறை; இன்னொருவரை வெளியே நிறுத்தும்.

நான் சொல்வது சின்ன விஷயம். அனுமதி என்பது பொத்தானை அமுக்கின விரலிடமோ காகிதம் வைத்திருக்கிறவரிடமோ தொடங்கக்கூடாது. குரல் கொடுத்தவரிடம் தொடங்க வேண்டும். அவர் பெயர், அவர் பங்கு, வேண்டாம் என்று சொல்லும் அவர் உரிமை, இந்த மூன்றும் இல்லாமல் போடுகிற எந்தக் கையெழுத்தும் செல்லாது என்று நாமாவது முடிவு செய்ய வேண்டும். இதை கம்பெனிக்காரனுக்குச் சொல்லும் முன் நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். நம் பரணில் எத்தனை கேசட் கிடக்கிறது? எத்தனை 'தகவலாளி, தலித் பெண், வயது 55'?

தம்பியிடம் கையெழுத்துப் போட முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கியது. "இன்னாண்ணே, நீங்களுமா?" என்றார். "நாளைக்கு வா, போயி கேட்டுட்டு வரலாம்" என்றேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் திருப்பாலைவனத்தில் இறங்கினேன். அந்த அம்மா இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். மகள் இருந்தார். செல்போனில் அந்த நாலு விநாடியைப் போட்டுக் காட்டினார் தம்பி. மகள் இன்னொரு தடவை போடச் சொன்னார். காதில் வைத்துக் கேட்டார்.

"இது எங்கம்மா கொரல் இல்லியே. கூடச் சேந்து அழுவறாங்கோ பாரு, எங்க பெரியம்மா. அதுதான் இது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டாவது குரல் ஒன்று அந்த நாடாவில் இருப்பதையே நான் குறித்து வைக்கவில்லை. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பின்பாட்டு என்று நினைத்து விட்டுவிட்டேன். 'தகவலாளி' என்ற இடத்தில்கூட அவர் இல்லை.

பெரியம்மா உயிரோடு இருந்தார். நாலு வீடு தள்ளி. கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. முழுப் பாட்டையும் போட்டோம். அழவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். செத்துப்போன தங்கச்சியின் குரலை இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

தம்பி தன் பாட்டையும் போட்டார், விஷயத்தைச் சொன்னார். பெரியம்மா முதலில் கேட்டது: "துட்டு எவ்ளோ வரும் நைனா?" கேட்க வேண்டிய கேள்விதான். வருவதில் பாதி என்று தம்பி சொன்னார். வராவிட்டால் பாதி சைபர்தான் என்றும் ஒளிக்காமல் சொன்னார். பெரியம்மா சிரித்தார். அப்புறம் சொன்னார்: "எடுத்துக்கோ. ஆனா இந்த எடத்த எடுக்காத. இது செத்தவன் பேரச் சொல்லி அழுவற எடம். அத்த உட்டுட்டு அதுக்கு முன்னால ராகம் இழுக்கறன் பாரு, அது யாருக்கு ஓணுமின்னாலும் பொதுவு. அத்த எடுத்துக்கோ."

இருபத்தாறு வருஷம் நான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்காததை ஒரு நிமிஷத்தில் பிரித்துக் காட்டிவிட்டார். எது பொது, எது தன்னுடையது, எது செத்தவனுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒப்பாரியின் உயிரே அதுதான். அது கேட்பவர்களுக்குப் பாடுவதல்ல. பெயர் சொல்லி ஒருவரைக் கூப்பிடுவது. அந்தப் பெயரைத் துண்டாக வெட்டித் தாளத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால், போனவனை ஓயாமல் தட்டி எழுப்புகிற மாதிரி. இதை எந்த ஒப்பந்தமும் எழுதாது. கேட்டால்தான் தெரியும்.

தம்பி மறுபடி உட்கார்ந்து தன் பாட்டைப் பிரித்து, அந்த இடத்தை எடுத்துவிட்டு ராகம் இழுக்கிற இடத்தை வைத்தார். முன்னதைவிட நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அச்சடித்த தாளில் பாடியவருக்கு இடமில்லை என்றேன் அல்லவா? உரிமையாளர் கையொப்பம் என்ற வரியைத் தம்பி பேனாவால் அடித்துவிட்டு, கீழே ஒரு கோடு போட்டு, 'பாடியவர்' என்று தமிழில் எழுதினார். பக்கத்தில் தங்கச்சி பெயரையும் எழுதச் சொன்னார் பெரியம்மா. எழுதியதும் கட்டை விரலை நீட்டினார். மை வீட்டில் இல்லை. மகள் பக்கத்து வீட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.